பேர் தெரியக் கட்டிய மதில்

என் வீட்டுக்காரர் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் சுவரைத்தான் பார்ப்பார். கொத்து வேலை மேஸ்திரி. கல்யாணமான புதிதில் நானும் அவர் கூடவே சித்தாளாகப் போய்க் கல் சுமந்தவள். மூத்தவள் பிறந்த பிறகுதான் தலையிலிருந்து சும்மாட்டை இறக்கினேன். அதனால் அவர் சுவரைத் தட்டிப் பார்த்தால் நான் சிரிப்பதில்லை. மலேசியாவில் விமானத்தை விட்டு இறங்கி, பெட்டிக்காகக் காத்திருந்த இடத்தில் பளபளவென்று நின்ற ஒரு தூணை விரலை மடக்கித் தட்டிவிட்டு, “உள்ள ஒண்ணுமில்ல, வெறும் தகடு” என்றாரே, அப்போது மட்டும் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற காவல்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் போனது இளையவள் செல்வியின் வளைகாப்புக்கு. அவளைக் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். சம்பந்தி வீராசாமியின் தாத்தா எங்கள் குளித்தலைப் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்கப் போனவர். போனவர்கள் கடிதத்தை விடவில்லை, பிறகு போனை விடவில்லை, கடைசியில் பெண்ணும் கொடுத்தாயிற்று. மாப்பிள்ளை பிரகாஷ் காய்கறி லாரி ஓட்டுகிறார். அங்கே அதற்கு லோரி என்று பெயர். செல்வியும் இப்போது லோரி என்றுதான் சொல்கிறாள்.

மலைக்குப் பஸ் ஏறினோம். கொல்லிமலை வளைவெல்லாம் பார்த்தவள் என்ற தைரியத்தில் வயிறு முட்ட நாசி லெமாக் சாப்பிட்டிருந்தேன். தேங்காய்ப்பால் சோறு, பக்கத்தில் கடலையும் மிளகாய் அரைத்த சம்பலும். ருசி என்றால் ருசி. ஆனால் அது வயிற்றில் இருக்கும்போது மலை ஏறக் கூடாது. பாதி வழியில் நான் முருகனைக் கூப்பிட ஆரம்பித்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த மலாய்க்கார அம்மா தன் பையைத் துழாவி, உப்பும் இனிப்புமாகக் காய்ந்து சுருங்கிய ஒரு பழத்தை என் உள்ளங்கையில் வைத்து ஏதோ சொன்னார். முன்னால் இருந்தவர் திரும்பித் தமிழில் சொன்னார், “வாயில அடக்கிக்கச் சொல்றாங்க. வளைவு இன்னும் ஆரம்பிக்கவே இல்லையாம்.” பழம் வேலை செய்தது. இறங்கும்போது அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவரும் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தார். அன்றைக்கு முருகன் முக்காடு போட்டு வந்தார் என்றே நான் நினைத்துக்கொண்டேன்.

சம்பந்தி தன் கெரேத்தாவோடு வந்து நின்றார். கெரேத்தா என்றால் கார். தலையில் கம்பளித் தொப்பி, நெற்றி நிறைய விபூதி. “வாங்க சம்பந்தி, வாங்க சம்பந்தியம்மா, குளிருதா? இது ஒண்ணும் இல்ல லா, டிசம்பர்ல வந்து பாருங்க” என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். பேச்சுக்கு நடுவில் ஒரு ‘லா’ போடுவது அங்கே வழக்கம். வழியெல்லாம் தேயிலை. மலைக்குப் பச்சைக் கம்பளத்தைப் போர்த்தி, அதன் மேல் சீப்பால் வாரிவிட்ட மாதிரி வரி வரியாக. கொழுந்தைக் கையால் கிள்ளுவது குறைந்துவிட்டதாம். கத்தரி மாதிரி ஒன்றால் வெட்டி எடுக்கிறார்கள். வெட்டுகிறவர்களில் பாதிப் பேர் வங்கதேசத்துப் பையன்கள். என் வீட்டுக்காரர் கேட்டார், “வீட்டு மதிலெல்லாம் எதுல கட்டுவீங்க, செங்கல்லா, சிமெண்டுக் கல்லா?”

லயன் என்று சொல்லும் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றின் வாசலில் செல்வி நின்றாள். வயிறு முன்னால் வந்து நின்றது, அவள் பின்னால் நின்றாள். கட்டிக்கொண்டு அழுதேன். “ஆத்தாடி, இப்பவே இவ்வளவு தண்ணியா? பிள்ள பொறக்கறப்ப ஆறே ஓடிரும் போல” என்றபடி சம்பந்தியின் அக்கா பாக்கியம் வந்தார். தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். தம்பியின் மனைவி தவறிய பிறகு அந்த வீட்டை நடத்துவது அவர்தான். சம்பந்தியையே “டேய் வீரா” என்று கூப்பிடுவார். குடிக்க என்ன வேண்டும் என்று கேட்டதற்குத் தேத்தண்ணி என்றேன். மலை முழுக்கத் தேயிலை இருக்க, அந்த வீட்டில் எல்லோரும் குடித்தது மைலோ, நம் ஊர்ப் போர்ன்விட்டா மாதிரி. எனக்காகத் தேயிலை டப்பாவைத் தேடி எடுத்தார்கள்.

மறுநாள் காலை சம்பந்தி எங்களைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். சின்னக் கோயில், ஆனால் கண்ணாடி மாதிரித் துடைத்து வைத்திருக்கிறார்கள். கும்பாபிஷேகம் வருகிறது. கோபுரத்துக்கு வர்ணம் அடித்தாகிவிட்டது, மதில் மட்டும் பாக்கி. சாலையோரமாக இடுப்பளவு எழுந்திருந்த அந்த மதிலைக் காட்டத்தான் அவர் காலையிலிருந்து துடித்துக்கொண்டிருந்தார் என்பது அங்கே போனதும் புரிந்தது.

பூசாத சிவப்புச் செங்கல். ஒவ்வொரு கல்லின் நீளப் பக்கத்திலும் ஒரு பெயர் வெட்டியிருந்தது. சில கல்லில் புருசன் பெண்டாட்டி பெயர், சில கல்லில் இறந்தவர்கள் பெயர், சிலதில் பிள்ளைகள் பெயர். ஆளுக்கொரு கல் கோயிலுக்கு உபயம். ஈப்போவில் கொடுத்து எழுத்து வெட்டி, அம்மன் காலடியில் வைத்துப் பூசை போட்டு எடுத்து வந்திருக்கிறார்கள். தோட்டத்தை விட்டு ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று போனவர்களின் வீடு வரைக்கும் சம்பந்தி தேடிப் போயிருக்கிறார். “ஒவ்வொரு வாசல்லயும் நின்னு சொன்னேன், சம்பந்தி. வேலைக்கு வேற ஊரு போயிட்டீங்க, பேராவது இங்க நிக்கட்டும், வர்றவன் போறவன் எல்லாம் பார்ப்பான்னு. ஒருத்தர் இல்லைன்னு சொல்லல.” அவர் விரல் ஒவ்வொரு பெயராகத் தடவிக்கொண்டே போனது. வெளிப்பக்கம் சாலைக்குத் தெரியும் பெயர்கள், உள்பக்கம் பிராகாரம் சுற்றுகிறவர்களுக்குத் தெரியும் பெயர்கள். எனக்கு மெய் சிலிர்த்தது. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் மதிலை நெருங்கினார். கோயில் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவினார். மதிலின் தலைக்கு மேலே குனிந்து, முன்கல்லுக்கும் பின்கல்லுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் அதை விட்டார். குச்சி போய்க்கொண்டே இருந்தது. அவர் விரல் நுனி வரைக்கும் போனது. பிறகு குச்சியை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, “அம்மனைப் பார்த்துட்டு வரலாம் சம்பந்தி” என்று உள்ளே போய்விட்டார்.

செங்கல் அடுக்குவதில் என்ன இருக்கிறது என்று நினைப்பவர்களுக்காக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு. இது கல் சுமந்த காலத்தில் கண்ணில் பட்டது. ஒரு கல்லைச் சுவர் ஓடும் திசையிலேயே நீளவாக்கில் வைத்தால் அது நீட்டுக்கல். அதையே திருப்பி, தலை மட்டும் வெளியே தெரியும்படி வைத்தால் குறுக்குக்கல். மெல்லிய சுவர் என்றால் நீட்டுக்கல்லே போதும். கீழ்வரியில் இரண்டு கல் சேரும் இடத்துக்கு மேலே, மேல்வரியில் ஒரு கல்லின் வயிறு வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒன்பது இஞ்சு சுவருக்கு முன்னால் ஒரு தோல், பின்னால் ஒரு தோல் என்று இரண்டு உண்டு. இரண்டையும் பிடித்து வைக்க இடையிடையே குறுக்குக்கல் போயாக வேண்டும். போகாவிட்டால் அது ஒரு சுவரே அல்ல. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு சுவர்.

அந்த மதிலில் ஒரு குறுக்குக்கல்கூட இல்லை. பெயர் இருப்பது நீளப் பக்கத்தில். குறுக்கே திருப்பினால் பெயர் உள்ளே போய்ச் சாந்தில் மறைந்துவிடும். எல்லார் பெயரும் தெரிய வேண்டும் என்று எல்லாக் கல்லையும் நீட்டியே வைத்திருக்கிறார்கள். பக்தியால் வந்த தப்பு. வேறு எங்கும் இப்படி ஒரு தப்பு நடந்திருக்காது.

கட்டியவர் சந்திரன் என்ற உள்ளூர்க் கொத்தனார். அவருக்கு இது தெரியாதா என்றால் நன்றாகத் தெரியும். சாயங்காலம் இவர் தனியாகப் போய்ப் பேச்சுக் கொடுத்திருக்கிறார். “நான் சொன்னேண்ணே. நாலஞ்சு வரிக்கு ஒருக்கா குறுக்க போடணும்னு. பேரு மறையும்னாங்க. கலவையைக் கெட்டியாப் போட்டு ஒட்டிடு, ஆத்தா பாத்துக்குவான்னாங்க. நான் என்னா செய்ய?” என்றாராம். கும்பாபிஷேகத்தன்று அந்தச் சாலையில் ஆயிரம் பேர் நெருக்கியடித்து நிற்பார்களே, மதிலில் ஏறிக்கூட உட்காருவார்களே என்று சொல்லிக்கொண்டே, சம்பந்தியிடம் சொல்ல இவர் எழுந்துவிட்டார்.

நான்தான் வாயை அடைத்தேன். “இந்தாங்க, நாம பொண்ணு கொடுத்தவங்க. வந்த மறுநாளே அவங்க கோயில் சுவத்துல குத்தம் சொல்லிட்டுப் போயிட்டா, நாளைக்கு இங்க இருந்து பேச்சு வாங்கறது செல்வி. சந்திரன் சொல்லிக்கட்டும்.” இவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். ராத்திரி சாப்பாட்டில் பாக்கியம் அக்கா வைத்த கீரைப் பிரட்டலை ஒரு வாய்கூடத் தொடவில்லை. “கொத்தனாருக்கு நம்ம ஊட்டுக் கீரை சிமெண்டு மாதிரி இருக்குதோ?” என்று அக்கா கேட்டதற்கும் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் மாப்பிள்ளை எங்களை லோரியில் திரிங்காப் என்ற ஊருக்குக் கூட்டிப்போனார். மலைச்சரிவெல்லாம் பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டம். முட்டைக்கோஸும் பூவும் அங்கிருந்துதான் ஊர் ஊருக்குப் போகின்றன. காவிரிக் கரையில் வெற்றிலையும் வாழையும் பார்த்த கண்ணுக்கு, மண்ணை இப்படிக் கூரைக்குள் வைத்து வளர்ப்பது பிள்ளையைத் தொட்டிலை விட்டே இறக்காத மாதிரி இருந்தது. சுமையேற்றிக்கொண்டு திரும்பும்போது கியா பார்ம் சந்தையில் இறங்கி ஸ்ட்ராபெரி வாங்கித் தந்தார். பார்க்க அழகு, கடித்தால் புளிப்பு. உப்பு மிளகாய்த் தூள் கேட்டேன். கடைக்காரப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பக்கத்துக் கடையிலிருந்து வாங்கி வந்து கொடுத்தாள். அவளும் தொட்டுச் சாப்பிட்டுப் பார்த்தாள்.

பிரிஞ்சாங் ஊரைத் தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. எதிரே வந்த வேனுக்கு ஒதுங்கியதில் லோரியின் ஒரு சக்கரம் சாலையோர வாய்க்காலில் இறங்கிவிட்டது. கோஸ் கூடை ஒன்று சரிந்து, கோஸெல்லாம் சாலையில் உருண்டோடின. நான் புடவையைச் செருகிக்கொண்டு பொறுக்கினேன். பின்னால் வந்த ஜீப்பிலிருந்து வயதான சீனர் ஒருவர் இறங்கி, நல்ல தமிழில், “ஏன்டா தம்பி, மாமனார் மாமியார ஏத்திக்கிட்டு இப்படியா ஓட்டுவே?” என்று கேட்டார். பொறுக்கிய கோஸை நான் மறுபடி கீழே போட்டுவிட்டேன். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவராம், மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரிந்தவராம். சங்கிலி கட்டி லோரியை வெளியே இழுத்துவிட்டு, ஒரு கோஸை எடுத்துத் தன் ஜீப்பில் போட்டுக்கொண்டு, “கூலி” என்று சிரித்தபடி போய்விட்டார்.

இத்தனை கூத்துக்கும் இவரைக் காணோம். தேடினால், சாலைக்கு மேலே இருந்த பழைய பங்களா ஒன்றின் தோட்டச் சுவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்காரர்கள் இருந்த காலத்துச் சுவராக இருக்கும். பாசி பிடித்திருந்தது. எழுந்து வந்தபோது முகத்தில் வெளிச்சம். “மூணு வரி நீட்டு, ஒரு வரி குறுக்கு. மறுபடி மூணு நீட்டு, ஒண்ணு குறுக்கு. இத்தன மழையிலயும் தூக்குக்குண்டு விட்டாப்புல நேரா நிக்குது பாரு” என்றார்.

வளைகாப்பு கோயில் மண்டபத்திலேயே நடந்தது. கை நிறையக் கண்ணாடி வளையல், கன்னம் நிறையச் சந்தனம், செல்வி அம்மன் மாதிரியே இருந்தாள். ஐந்து வகைச் சாதம் நான் கிண்டினேன். அந்த ஊர் வழக்கமாகப் பாக்கியம் அக்கா உளுந்துக் களியும் செய்தார். தாம்பூலப் பையில் வெற்றிலை, மஞ்சளோடு ஒரு தேயிலைப் பெட்டியும் வைத்துக் கொடுத்தார்கள். தோட்டத்து வழக்கமாம். எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சாப்பாடு முடிந்து கூட்டம் கலையும் நேரம். மண்டபத்துக்குள் புழுக்கம் என்று செல்வி வெளியே வந்தாள். கால் வீங்கியிருந்தது. இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு நடந்தவள், களைப்பில் அந்த மதில் மேல் முழுப் பாரத்தையும் போட்டு பின்பக்கமாகச் சாய்ந்தாள். வளையல் கல்லில் பட்டுக் கலகலவென்றது.

“செல்வி, அதுல சாயாத!”

நான் போட்ட சத்தத்தில் பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளை வாளியைக் கீழே போட்டுவிட்டார். ஓடிப்போய் அவளை இழுத்து நிறுத்தினேன். சுற்றி நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். சம்பந்தி மெதுவாக வந்தார். “ஏன் சம்பந்தியம்மா? மதிலுக்கு என்னா?” என்று கேட்டார். வாயை மூடச் சொன்னவளே வாயைத் திறந்துவிட்டேன். அந்த மாரியாத்தாதான் திறக்க வைத்தாள்.

இவர் முன்னால் வந்தார். மீதமிருந்த தாம்பூலப் பைகளிலிருந்து தேயிலைப் பெட்டிகளை எடுத்துப் படிக்கட்டில் அடுக்கினார். முதலில் எல்லாவற்றையும் நீளவாக்கில், இரண்டு வரிசையாக, முதுகோடு முதுகாக. “தள்ளுங்க சம்பந்தி.” சம்பந்தி ஒரு விரலால் தொட்டார். முன்வரிசை அப்படியே பிரிந்து விழுந்தது. மறுபடி அடுக்கி, இடையில் ஒரு வரியைக் குறுக்கே வைத்தார். சம்பந்தி தள்ளினார். நின்றது.

சந்திரன் தலையைக் குனிந்துகொண்டார். சம்பந்தி குறுக்கே இருந்த ஒரு பெட்டியை உருவிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார், “அப்ப பாதிப் பேருக்கு நான் பொய்யனா ஆயிருவேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. வாசல் வாசலாகப் போய்க் கொடுத்த வாக்கு. மதிலைப் பிரித்துக் கட்டினால் வாக்கு போகும், பிரிக்காவிட்டால் கும்பாபிஷேகத்தன்று யார் மேலாவது விழும். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் சாயங்காலப் பூசைக்குப் பிறகு, உள்ளூரில் இருக்கும் உபயக்காரர்களை எல்லாம் கோயிலில் உட்கார வைத்துச் சம்பந்தியே விஷயத்தைச் சொன்னார். சந்திரன் எச்சரித்ததையும் தான் கேட்காததையும் மறைக்காமல் சொன்னார். எத்தனை கல் உள்ளே போக வேண்டும் என்று கேள்வி வந்தது. இவர் எழுந்தார். அத்தனை பேர் முன்னால் இவர் பேசி நான் பார்த்ததில்லை. ஒரு வரி நீட்டு, ஒரு வரி குறுக்கு என்று கட்டுவது இங்கிலீஷ் கட்டு, அதுதான் ரொம்பப் பலம், ஆனால் பாதிப் பேர் மறைவார்கள் என்றார். ஒரே வரியில் ஒரு நீட்டு ஒரு குறுக்கு என்று மாற்றி மாற்றி வைப்பது பிளமிஷ் கட்டு, பார்க்க அழகு, மூன்றில் ஒருவர் மறைவார்கள். தோட்டத்து மதிலுக்கு மூன்று வரி நீட்டு, ஒரு வரி குறுக்கு போதும், அதில் நாலில் ஒருவர்தான் உள்ளே போக வேண்டும். அதற்குக் குறைந்து தன்னால் செய்ய முடியாது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

கம்பி வைத்துக் கட்டலாமே என்றார் ஒருவர். வைக்கலாம், வைப்பதற்கும் பிரிக்கத்தான் வேண்டும், இந்த மழையில் துருவுக்கும் பயப்பட வேண்டும் என்றார் சந்திரன். பிரிஞ்சாங்கில் பூ வியாபாரம் செய்யும் ஒருவர், பெயர் இல்லாத சாதாரணக் கல்லை வாங்கிக் குறுக்கே போட்டுவிடலாமே என்றார். நல்ல யோசனை மாதிரித்தான் இருந்தது. ஆனால் அந்த இடத்துப் பெயர்க்கல்லெல்லாம் மிஞ்சிவிடுமே, மதிலையும் உயர்த்த முடியாதே. காலையில் வேலைக்கு லோரியில் போகிறவர்கள் சாலையிலிருந்தே அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார்கள். அதை மறைக்க யாருக்கும் மனசில்லை.

பாக்கியம் அக்கா பின்னாலிருந்து கேட்டார், “அது சரி லா, பேரில்லாத கல்லு உள்ள போயி செவுத்தைத் தாங்கும், நம்ம பேரு வெளிய நின்னு படம் காட்டுமா?” பூக்காரர் அந்த யோசனையை விட்டுவிட்டார்.

பிறகு சம்பந்தி கேட்டார், யார் உள்ளே போகிறீர்கள் என்று. எல்லோரும் அம்மனைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஏனென்றால் அன்றைக்குக் காலையில்தான் சம்பந்தி ஒரு கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து எங்களிடம் கொடுத்திருந்தார். எங்கள் இருவர் பெயரும் குளித்தலை என்ற ஊர்ப் பெயரும் வெட்டிய கல். வாசல் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளின் கண் மட்டத்தில் வைப்பதற்காக எங்களுக்குச் சொல்லாமலே செய்து வைத்தாராம். பிறக்கப்போகும் பேரப்பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது அம்மாச்சி பெயரையும் படிக்கும் என்று நினைத்து, அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே யார் போவது என்று கேட்டபோது என் கையும் எழவில்லை.

எழுந்தது பாக்கியம் அக்காதான். “எங்கூட்டுக்காரரு கல்லைத் திருப்பிப் போடு, வீரா. அந்த மனுசன் உசுரோட இருந்தப்பவும் எதையும் வெளிய சொன்னதில்ல, எல்லாம் உள்ளயேதான். உள்ளயே இருக்கட்டும்.”

முதலில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். பிறகு கூட்டமே சிரித்தது. அக்காவும் சிரித்தார், முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக, எங்களது, எங்கள் மாமனாருடையது, எங்களது இரண்டும் என்று ஆரம்பித்து, அநேகமாக எல்லோருமே கொடுத்துவிட்டார்கள். “எல்லாரும் உள்ள போயிட்டா வெளிய யாரு நிக்கிறது, நான் மட்டுமா?” என்று பூக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார்.

ஆனால் உள்ளூர்க்காரர்களின் கல் மட்டும் குறுக்கு வரிகளுக்குப் போதாது. பத்தில் ஒன்பது கல் வெளியூரில் இருப்பவர்களுடையது. சந்திரனும் இவரும் பிரகாஷின் கூட்டாளிகளும் மதிலைப் பிரித்து, உளியால் சாந்தைத் தட்டிக் கல்லைச் சுத்தம் செய்ய, சம்பந்தி மண்டபப் படியில் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்காகப் போன் போட்டார். வார்த்தை மாறுகிறேன், மன்னிக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் ஆரம்பித்தார். சிலர் ஒப்புக்கொண்டார்கள். சிலர் முடியாது என்றார்கள், அவர்கள் கல் வெளியே நிற்கும் வரிக்குப் போனது. சிங்கப்பூரிலிருந்து ஒரு பெரியவர் மட்டும், “சரி, உள்ள போடு. ஆனா சும்மா போடாத. போடறப்ப சத்தமாப் பேரச் சொல்லிப் போடு. கண்ணால பாக்காட்டி காதாலயாவது நாலு பேரு கேக்கட்டும்” என்றாராம்.

போனை வைத்துவிட்டுச் சம்பந்தி எங்களிடம் வந்து அதைச் சொன்னபோது, வளைகாப்புக்குப் பிறகு முதல்முறையாக அவர் முகம் தெளிந்திருந்தது. அர்ச்சனைக்குப் பெயர் சொல்வது போலத்தானே? பெயரை எழுதியா அம்மனிடம் காட்டுகிறோம், சொல்லித்தானே கேட்கிறோம்.

அன்று ராத்திரி இவரிடம் சொன்னேன், நம் கல்லையும் குறுக்கே போட்டுவிடுங்கள் என்று. “நெசமாவா?” என்று கேட்டார். நிசமாகத்தான் என்றேன். கொஞ்சம் வருத்தம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

நாங்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் முதல் குறுக்கு வரி எழும்பியது. காலையிலேயே சனம் கூடிவிட்டது. வேலைக்குப் போகிற லோரிகூட நின்று, வங்கதேசத்துப் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். குருக்கள் கற்பூரம் காட்டினார். எனக்கு உட்கார்ந்து பார்க்கப் பிடிக்கவில்லை. சும்மாடு கட்டுகிற வயதில்லை என்று செல்வி தடுத்தும் கேட்காமல், கல் எடுத்துக் கொடுக்க நின்றுகொண்டேன். சந்திரன் சாந்து விரிக்க, நான் கல்லைக் கொடுக்க, சம்பந்தி அதிலுள்ள பெயரை வாய்விட்டுப் படிக்க, இவர் அதைக் குறுக்கே திருப்பி வைத்துக் சாந்துக் கரணையின் காம்பால் தட்டினார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் “ஓம் சக்தி” என்றது. பாக்கியம் அக்காவின் வீட்டுக்காரர் பெயர் வந்தபோது அவர், “இன்னும் கொஞ்சம் சத்தமா, வீரா, அவருக்குக் காது மந்தம்” என்றார்.

எங்கள் கல் வந்தது. சம்பந்தி அதைக் கையில் வாங்கி இவர் பெயரைக் கணீரென்று படித்தார். அடுத்த பெயருக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். சம்பந்தி வீட்டு அம்மாளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எப்படி என்று தயங்கினார். கூட்டம் காத்திருந்தது. எங்கள் ஊரில் என்னைச் செல்வி அம்மா என்பார்கள், மேஸ்திரி சம்சாரம் என்பார்கள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து இவருக்கு நான் இந்தா, புள்ள, அவ்வளவுதான்.

இவர் சம்பந்தியின் கையிலிருந்து கல்லை வாங்கினார். என் பக்கம் திரும்பவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

“அலமேலு” என்றார்.

எல்லாருக்கும் கேட்கும்படி, கோயில் மணி அடித்த மாதிரி சொன்னார். அந்த மலை முழுக்க அது போய் வந்தது போல எனக்கு இருந்தது. செல்வி கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல் குறுக்கே திரும்பிச் சாந்தில் உட்கார்ந்தது. எழுத்து உள்ளே போய்விட்டது, தலை மட்டும் வெளியே, மற்ற கல்லைப் போலவே சிவப்பாக நின்றது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கல்லை எடுத்துக் கொடுத்தேன். அது ஈப்போக்காரர்களுடையது.